கணக்குப் பெட்டி கைவிட்டால்... சேமித்த அமைப்பை மீட்பது எப்படி?



முன்பெல்லாம் சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்று பல மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் அவை ஒரு சிறு பெட்டிக்குள் போய்விட்டன. பில் போடும் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் ஹார்டு டிஸ்க் பெட்டி அது. ‘நாஸ்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கொள்முதல், விற்பனை, வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஒரு நாள் காலையில் கடை திறந்ததும், ‘ஃபோல்டரைக் காணோம்’ என்று கம்ப்யூட்டர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பாஸ்வேர்டு மறந்துபோய், பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் பொத்தானை யாரோ அழுத்திப் பிடித்திருக்கலாம். வாசலில் வாடிக்கையாளர்கள் காத்து நிற்கிறார்கள். ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பதற்றத்தில் தலையாட்டிவிடாதீர்கள். சாவி தொலைந்ததற்காகக் கிட்டங்கியை இடிப்பது போன்றது அது.

சாவி வேறு, சரக்கு வேறு

நாஸ் பெட்டியில் இரண்டு சமாச்சாரங்கள் உள்ளன. ஒன்று டேட்டா. அதாவது நம் கணக்குகளும் பில்களும். மற்றொன்று அமைப்பு. யார் யார் உள்ளே வரலாம், அவரவர் பாஸ்வேர்டு என்ன, எந்த ஃபோல்டரை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்னும் விவரங்கள் அதில் அடங்கும். இந்த அமைப்பை மட்டும் ஒரு சிறு பைலாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடியும். பெட்டி தன் அமைப்பை மறந்துவிட்டால், அந்தப் பைலைத் திரும்ப ஏற்றினால் போதும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிய வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்தப் பைல் சாவிக்கொத்து மட்டுமே. இதில் ஒரு பில்கூடக் கிடையாது. டேட்டாவுக்குத் தனியே நகல் இருந்தே ஆக வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை நம் கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். ‘பெட்டி அழிந்துவிட்டது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

முன்கூட்டியே எடுத்து வைப்பது

சினாலஜி பெட்டியானால் ‘கண்ட்ரோல் பேனல்’, ‘அப்டேட் அண்டு ரீஸ்டோர்’, ‘கான்ஃபிகரேஷன் பேக்கப்’ என்று வரிசையாகப் போக வேண்டும். அங்கே ‘எக்ஸ்போர்ட்’ செய்தால் ‘டி.எஸ்.எஸ்.’ என்று முடியும் பைல் கிடைக்கும். க்யூநாப் பெட்டியில் ‘கண்ட்ரோல் பேனல்’, ‘சிஸ்டம்’, ‘பேக்கப்/ரீஸ்டோர்’ என்று போனால் ‘பின்’ என்று முடியும் பைல் கிடைக்கும்.

அந்தப் பைலை அதே பெட்டிக்குள் வைப்பது, சாவியை உள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டுவதற்குச் சமம். பென்டிரைவில் எடுத்து, தேதி எழுதி, வீட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள். கண்டவர் கையிலும் அது போகக்கூடாது. பெட்டியின் ஐ.பி. எண்ணையும் ஒரு தாளில் எழுதி உடன் வைப்பது நல்லது. ரீசெட் செய்தால் அந்த எண் மாறிவிடக்கூடும். பிறகு பில் போடும் கம்ப்யூட்டர்கள் பழைய எண்ணையே தேடிக்கொண்டு நிற்கும்.

திரும்ப ஏற்றும் முறை

1. முதலில் டிஸ்க்குகள் நலமாக உள்ளனவா என்று பாருங்கள். உள்ளே பைல்கள் தெரிந்தால் அவற்றை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகே அடுத்த வேலை.

2. பெட்டியின் மென்பொருள், பைலை எடுத்த காலத்துப் பதிப்பைவிடப் பழையதாக இருந்தால், அதை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

3. முன்பு சொன்ன அதே பக்கத்துக்குப் போய், பைலைக் காட்டி, ‘ரீஸ்டோர்’ கொடுங்கள். முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது. எனவே யு.பி.எஸ். இணைப்பு அவசியம்.

4. முடிந்ததும் ஐ.பி. எண்ணைத் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

5. ஃபோல்டரின் பெயர் தெரிகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். திறந்து, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு பில் போட்டுப் பாருங்கள்.

ஏமாந்துவிடக்கூடிய இடங்கள்

‘ரீஸ்டோர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அழுத்திவிடக்கூடாது. க்யூநாப்பில் ‘ரீஸ்டோர் ஃபாக்டரி டிஃபால்ட்ஸ் அண்டு ஃபார்மட் ஆல் வால்யூம்ஸ்’ என்று ஒன்று உண்டு. அது அமைப்பை மீட்பதில்லை. டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் துடைத்துவிடும். சினாலஜியிலும் எல்லா டேட்டாவையும் அழிக்கும் வசதி உண்டு. ‘அழிக்கப்படும்’ என்று திரையில் எங்கு வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பலரும் யோசிக்காத ஒன்று. நீங்கள் ஏற்றுவது பழைய நாளின் அமைப்பு. ஓராண்டுக்கு முன் எடுத்த பைலானால், அதன் பிறகு வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் பெயரும் பாஸ்வேர்டும் மீண்டும் உயிர் பெற்றுவிடும். புதிதாகச் சேர்ந்தவர் பெயர் இருக்காது. ஆகவே, ஏற்றியவுடன் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, வேண்டாதவர்களை நீக்கிவிடுங்கள். இனி ஆள் மாறும்போதெல்லாம் புதிய பைல் ஒன்று எடுத்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது, ‘இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறேன், ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது’ என்ற நம்பிக்கை. ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் நீங்களே ஒரு பைலை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற மிரட்டல் மென்பொருள், இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்த நாஸ் பெட்டிகளில் புகுந்து பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் அமைப்புப் பைலும் உதவாது, இரண்டாவது டிஸ்க்கும் உதவாது. பெட்டியோடு இணைக்காமல் தனியே வைத்த நகல்தான் கைகொடுக்கும்.

வணிகத்தில் நமக்குப் பழகிய வழக்கம் ஒன்று உண்டு. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கல்லாவை எண்ணாமல் கடையை அடைக்க மாட்டோம். அந்த வழக்கத்தோடு இதையும் சேர்த்துக்கொள்வோம். மாதத்தில் ஒரு நாள், கடை அடைக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் அமைப்புப் பைலை எடுத்துவிடலாம். டேட்டா நகலை அன்றாடம் எடுக்கச் செய்யுங்கள். உங்கள் பெட்டியை அமைத்துத் தந்தவரிடம் நாளைக்கே கேளுங்கள்: ‘எங்கள் அமைப்புப் பைல் எங்கே இருக்கிறது? கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது?’ அவர் பதில் சொல்லத் தயங்கினால், அன்றே உட்கார்ந்து எடுத்துவிடுவது நல்லது.