குடும்பத் தொழிலும் சுற்றுச்சூழல் கடமையும்

குடும்ப உடைமையாக நடைபெறும் தொழில்கள் சுற்றுச்சூழலைப் பேணுவதில் பிற நிறுவனங்களைவிட மேம்பட்டவையா என்பது பொருளியல் அறிஞரிடையே நெடுநாளாக ஆராயப்பட்டு வரும் வினாவாகும். தொழிலை மக்களுக்கு விட்டுச் செல்ல விரும்பும் குடும்பம் தொலைநோக்குடன் செயற்படும் என்பர் ஒரு சாரார். முதலும் தொழில்நுட்பமும் குறைந்த குடும்பத்தால் கழிவை உரியவாறு நீக்க இயலாது என்பர் மற்றொரு சாரார். பாலாற்றுப் படுகையில் உள்ள இரு தொழில்கள் இதற்குத் தெளிவான சான்றுகளைத் தருகின்றன.

ஊரிகத்தின் அனுபவம்

கோலார் தங்கவயலின் சுரங்க நிர்வாகம் 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் குடும்ப நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஊரிகம், மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் அதன் மேற்பார்வையில் வளர்ந்தன. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீர் கொணரப்பட்டது. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுப்பது அங்குக் கையாளப்பட்ட முறை. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் மிகச் சிறிதளவு மட்டுமே. எஞ்சிய பொடி முழுவதும் மேடுகளாகக் குவிக்கப்பட்டது.

அக்குடும்பம் தலைமுறைகளாகச் சுரங்கத் தொழிலில் தேர்ந்தது. ஆயினும் அதன் இருப்பிடம் இலண்டன். பங்குதாரர்களும் பெரும்பாலும் அங்கேயே இருந்தனர். சுரங்கத்தை மூடும் செலவுக்கு நிதி ஒதுக்குமாறு அந்நாளில் எச்சட்டமும் பணிக்கவில்லை. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்திடமும் சென்றன. பொதுத்துறைக் காலத்திலும் மேடுகள் வளர்ந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு எஞ்சியிருந்தது. காற்றுக் காலத்தில் அதன் தூசி குடியிருப்புகளில் படிகிறது. 13 மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது.

தோல் பதனிடும் தொழில்

அதே பாலாறு தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் வழியே பாய்கிறது. இங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளுள் பல குடும்ப உடைமைகள். உரிமையாளர்கள் உள்ளூர்வாசிகள், மாசுற்ற நிலத்தடி நீர் அவர்களையும் பாதிக்கும். எனினும் மாசு தடுக்கப்படவில்லை. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. சிறு ஆலை தனக்கெனச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது கட்டுப்படியாகாது; ஒருவர் மட்டும் செலவிட்டால் போட்டியில் பின்தங்குவார்.

இந்நிலையில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு முடிவு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை 1996 ஆகஸ்ட் 28இல் நீதிமன்றம் நிலைநாட்டியது. ஆலைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து, அரசு மானியத்துடன், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்திருந்தன. தீர்ப்புக்குப் பின் இம்முறை வலுப்பெற்றது. ஆயினும் கழிவுநீரில் கரைந்துள்ள உப்பை நீக்குவது கடினமாகவே உள்ளது. மாசு தொடர்வதைக் கண்ட உச்ச நீதிமன்றம், இழப்பீட்டுத் தொகையை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்குமாறு 2025 ஜனவரியில் ஆணையிட்டது.

படிப்பினை

குடும்ப உடைமை என்பதனாலேயே சுற்றுச்சூழல் காக்கப்படுவதுமில்லை, கெடுவதுமில்லை. ஊரிகத்தில் நிர்வாகம் தொலைவில் இருந்தது. ஆம்பூரில் உரிமையாளர்கள் அருகிலேயே இருந்தனர். இரண்டிலும் குறைவாக இருந்தது கழிவின் செலவைத் தொழிலின் செலவாகக் கணக்கிடும் ஏற்பாடே. சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் நிதிப் பிணையும் வேண்டுமென்ற விதி 2003இல்தான் வந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே ஊரிகம் மூடப்பட்டுவிட்டது.

ஆகவே, தொழில் தொடங்கும்போதே இறுதிச் செலவுக்கு நிதி ஒதுக்குதல், சிறு ஆலைகள் கூட்டாகச் செயற்படுதல், உரிமை மாறும்போது கழிவின் பொறுப்பையும் எழுத்து மூலம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. சொத்து வாரிசுக்குச் சேரும்போது கழிவின் கடமையும் உடன் சேர வேண்டும்.