பெயரில்லாத கைதியும் பாஸ்போர்ட் நகலும்

தை ஐந்தாம் நாள் தீர்த்தவாரிக்கு அண்ணாமலையார் வந்திறங்கும் தென்பெண்ணைக் கரை, மணலூர்பேட்டை. இதற்கு வடமேற்கே இருக்கும் செங்கம் கணவாய் வழியாகத்தான் 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலியின் படை சமவெளிக்குள் புகுந்தது. செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. பிடிபட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டார்கள்; பெய்லி அங்கேயே 1782இல் இறந்துபோனார். ஆற்காட்டுச் சீமையின் குடியானவர்களையும் மைசூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று கைதியை மீட்க ஒரே வழி, சண்டை ஓய்வதுதான். கம்பெனியின் தூதர்கள் மூவர் மதராஸிலிருந்து மங்களூர் வரை போய், 1784 மார்ச் 11 அன்று ஹைதரின் மகன் திப்புவோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். திரும்பிவர விரும்பும் ஆற்காட்டுச் சீமைக்காரர்களைக் குடும்பத்தோடு அனுப்பிவிட வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்தே உண்டு. நல்ல ஷரத்துதான். ஆனால் யார், எந்த ஊர் என்று கேட்டு வாங்க யாரிடம் பட்டியல் இருந்தது? மீண்டுவந்த வெள்ளைக்கார அதிகாரிகள் சிறை நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார்கள். குடியானவனுக்கு அச்சகம் ஏது?

இன்று அவனுக்குப் பெயர் இருக்கிறது, பாஸ்போர்ட் எண் இருக்கிறது. மகன் வெளிநாட்டில் சிக்கினால், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் அம்மா மனுக் கொடுக்கலாம். 2019இல் மணலூர்பேட்டையையும் சேர்த்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால் அதற்காக விழுப்புரம் ஓட வேண்டியதுமில்லை. மனு சென்னைக்கும் டெல்லிக்கும் போய், தூதரகத்தை எட்டும். ஊரை விட்டுக் கிளம்புகிறவன் பாஸ்போர்ட் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறானா என்பதுதான் என் கவலை.

1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, கைதானவரைத் தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம். பகை நாடுகளான இந்தியாவும் பாகிஸ்தானுமே 2008 ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. ஆனால் பட்டியல் வேறு, விடுதலை வேறு. பாகிஸ்தான் சிறையில் இருக்கும் இந்தியர் குல்பூஷண் ஜாதவைத் தூதரகத்தார் சந்திக்க விடாதது தவறு என்று 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும், பாகிஸ்தான் அவரை விடுவிக்கவில்லை.

பிடித்துவைத்திருப்பது ஒரு அரசாகவே இல்லாவிட்டால் வியன்னாவும் உதவாது. 2014இல் ஈராக்கின் திக்ரித்திலிருந்து ஐ.எஸ். ஆட்கள் மோசுலுக்குக் கொண்டுபோன 46 நர்சுகள், பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள், ஜூலையில் கொச்சியில் வந்து இறங்கினார்கள். யாரைப் பிடித்து, என்ன பேசி முடித்தார்கள் என்பதை அரசு விவரமாகச் சொல்லவில்லை. சொல்லாததே சரி என்பேன்; அந்தக் கதவு அடுத்தவனுக்கும் தேவைப்படும். அதே மோசுலில் ஒரு மாதம் முன்பு பிடிபட்ட இந்தியத் தொழிலாளர்களில் 39 பேருக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 2018 மார்ச்சில்தான் அவர்கள் இறந்ததை அரசு அறிவித்தது.