துவிச்சக்கரவண்டி: பேணலும் செலுத்தலும்

தமிழகத்தார் மிதிவண்டி என்பதனை நாம் துவிச்சக்கரவண்டி என எழுதுகின்றோம். பேச்சிலோ சைக்கிள் என்றே வழங்குகின்றோம். பெயர் யாதாயினும், மேடுபள்ளம் மிகுதியில்லாத எமது குடாநாட்டுக்கு இதனிற் பொருத்தமான ஊர்தி வேறில்லை. 1990 ஆம் ஆண்டிற் தொடங்கிய பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதான காலத்தில், விறகும் நெல்லும் நோயாளரும் இதன்மீதே சென்றதனைப் பழைய மாணவர் பலர் அறிவர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் உடைமை ஒரு சைக்கிளிலேயே அடங்கிற்று. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டிலும் கொட்டில்களிற் கிடந்த வண்டிகள் மீண்டும் வெளிவந்தன. பேணப்பட்டவை உடனே ஓடின. துருவேறியவை திருத்துங் கடைவாயிலிற் காத்துக் கிடந்தன. தேவை நேர்ந்தபின் பேணத் தொடங்குதல் வெள்ளம் வந்தபின் அணைகட்டுதலை ஒக்கும். ஆதலின் வேண்டிய சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

முதலாவது காற்று. கிழமைக்கொருமுறை ரயரை அழுத்திப் பார்த்து, அதன் பக்கத்திற் பொறித்துள்ள அளவுக்குக் காற்றடித்தல் வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் கல்லில் மோதுங்கால், ரியூப் கல்லுக்கும் றிம்முக்குமிடையே நசுங்கி, அருகருகே இரு துளைகள் உண்டாகும். ஒற்றைத் துளையாயின் பெரும்பாலும் முள்ளின் வேலை. ஒட்டுப் போட்டபின் ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, முள் அங்கிருப்பின் அகற்றாவிடில், ஒட்டிய உழைப்பு வீணாம்.

இரண்டாவது செயின். மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் அழுக்கைத் துடைத்து, உலர்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி இயந்திர எண்ணெயிட்டு, மிகுதியைத் துடைத்துவிடுக. மிகுந்த எண்ணெய் புழுதியை ஈர்க்கும். புழுதியும் எண்ணெயுங் கலந்த சேறு அரம்போற் பல்லைத் தேய்க்கும். தேங்காயெண்ணெய் நாளடைவிற் பசையாதலின் அது தகாது. கடலோரத்தார் உப்புக்காற்றின் பொருட்டு இதனை அடிக்கடி செய்தல் நன்று. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் நீளும். அது 12⅛ அங்குலமாயின், செயினை மாற்றுக. தாமதித்தாற் பற்சக்கரத்தையும் மாற்ற நேரும்.

மூன்றாவது பிறேக். கட்டைகள் றிம்மிற் படவேண்டும், ரயரிற் படலாகாது. இன்னுமொன்று: இடப்பக்கப் பெடலின் மரை ஏனையவற்றுக்கு மாறானது. அதனைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்பல் வேண்டும். இஃதறியாது வலிந்து திருகி மரையை அழித்தோர் பலர்.

இனிச் செலுத்தும் முறை. இருக்கையில் அமர்ந்து, பெடல் மிகத் தாழ்ந்து நிற்கையிற் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுவே ஏற்ற உயரம். மிதிக்கும்போது குதிகாலாலன்றி முன்பாதத்தால் மிதிக்க, முழங்கால் சிறிதே மடிந்திருக்கும். இருக்கை தாழ்ந்திருப்பின் முழங்கால் நோவும். சோளகம் எதிர்த்து வீசுங்காற் பந்தயம் பிடித்தல் பயனற்றது. காற்றின் தடை விரைவின் வர்க்கத்துக்கேற்ப வளரும். உடலைத் தாழ்த்தி, ஒரே சீராக மிதிப்பவரே களையாது வீடு சேர்வர்.

நிறுத்துங்கால் இரு பிறேக்கையும் ஒருங்கே பிடிக்க. பாரம் முன்னோக்கிச் சாய்தலின் முன்பிறேக்கே வலியது. எனினும் மணல் படிந்த திருப்பத்தில் அதனைச் சடுதியாகப் பிடித்தால் வண்டி வழுக்கும். ஆதலின் திருப்பத்துக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடுக. விரைவு இருமடங்காயின், நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்மடங்காகும். மழையில் நனைந்த றிம்மிற் பிறேக் உடனே பற்றாது. முன்னதாகவே மெல்லப் பிடித்து நீரைத் துடைத்துக்கொள்ளல் அறிவுடைமை. பார்வை முன்சக்கரத்தில் நில்லாது தூரத்தே செல்லுக. கண் சென்றவழியே வண்டியும் செல்லும்.

மாணவர்காள்! கையிற் கறுப்பு ஒட்டுமென்று கூசுதல் கற்றோர்க்கு அழகன்று. கல்லூரியை விட்டு நீங்குமுன் ஒருமுறையேனும் உங்கள் கையாலேயே ரியூப்புக்கு ஒட்டுப் போடப் பழகுங்கள். எமது மண்ணில் இடுக்கண் மும்முறை வந்தது. மும்முறையும் கைகொடுத்தது இவ்வண்டியே. இன்று அதற்கு நாம் கைகொடுப்போமாக.