ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கம்மி’ என்று இருந்தால்…

மாலை ஆறரை மணி. மயிலாப்பூரில் ஸ்கேன் முடித்து, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிறீர்கள். 34வது வாரம். டாக்டரைப் பார்க்கப்போவது நாளை மறுநாள்தான். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கும் ஆங்கில வார்த்தையை செல்போனில் தட்டிப் பார்க்கிறீர்கள். அடையாறு வீடு வந்து சேர்வதற்குள் அன்றைய தூக்கம் போய்விடுகிறது.

அந்த இரண்டு நாள் காத்திருக்கலாமா, கூடாதா என்பதைத்தான் முதலில் முடிவு செய்யணும். மற்றதெல்லாம் பிறகு.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் காத்திருக்காதீங்க. ரத்தம் பட்டால், வலி இல்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. தண்ணீர் போல கசிவது, கடுமையான தலைவலியோடு பார்வை மங்குவது இவையும் அப்படித்தான். ரிப்போர்ட்டில் டாப்ளர் என்ற பகுதி இருக்கும்; தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது அது. அங்கே ‘ஆப்சென்ட்’ அல்லது ‘ரிவர்ஸ்டு’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஸ்கேன் சென்டருக்கு அல்ல, இரவிலும் பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு.

இவை எதுவும் இல்லையா? அப்போ ரிப்போர்ட்டை நிதானமாகப் பார்க்கலாம்.

அதிகம் பயமுறுத்துவது ‘தண்ணி கம்மி’ என்ற பேச்சு. பனிக்குட நீரை ஏஎஃப்ஐ என்று குறிப்பிடுவார்கள். வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் ஆழத்தை சென்டிமீட்டரில் அளந்து கூட்டிய எண் அது. பொதுவாக 5-க்குக் கீழே போனால்தான் குறைவு என்பார்கள். போன மாதம் 13, இந்த மாதம் 9 என்றால் அளவு குறைந்திருக்கிறதே தவிர, அது குறைபாடு இல்லை. நிறைய தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது எடை. ஸ்கேன் மெஷின் குழந்தையை எடை போடுவதில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. 10 முதல் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். அதாவது 2.2 கிலோ என்று போட்டிருந்தால், உண்மையில் 1.9 ஆகவும் இருக்கலாம், 2.5 ஆகவும் இருக்கலாம். ‘10வது பெர்சென்டைல்’ என்றால் 10 சதவீத வளர்ச்சி என்று அர்த்தம் இல்லை. அதே வாரத்தில் உள்ள 100 குழந்தைகளை எடைப்படி சிறியதிலிருந்து வரிசையாக நிறுத்தினால், உங்கள் குழந்தை பத்தாவது இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். டாக்டர் ஒரே ஸ்கேனை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது வளர்ச்சி தொடர்கிறதா என்று பார்க்கத்தான்.

கழுத்தில் கொடி சுற்றியிருப்பது நிறைய குழந்தைகளிடம் காணப்படுவது. பெரும்பாலும் சுகப்பிரசவமே ஆகிறது. மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சை மாமாக்களே இப்போது கண்டுகொள்வதில்லை.

இன்னொரு பேச்சை மட்டும் அலட்சியமாக விடமுடியாது. “ஒன்பதாம் மாசம் இடம் பத்தாது, அதான் அசைவு குறையுது” என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறு. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் கிளம்புங்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கலாம் என்று விளம்பரம் செய்யும் ஆப்பையோ, வீட்டில் வாங்கி வைத்த கருவியையோ நம்பி உட்கார்ந்துவிடாதீங்க. துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலம் என்று சொல்லிவிட முடியாது.

செல்போனால் ஆகிற உருப்படியான வேலையும் இருக்கிறது. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாகப் படம் எடுத்து ஒரே ஆல்பத்தில் வையுங்கள். கணவர் அல்லது அம்மாவின் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பிக்மி எண்ணையும் அதோடு சேருங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108. தூக்கம் வராமல் மனசு அலைபாய்ந்தால் டெலி மானஸ் 14416, நடு இரவிலும் தமிழில் பேசலாம். ரிப்போர்ட்டை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பதினைந்து விதமான பதில் வரும், அதில் ஒன்றும் டாக்டருடையதாக இருக்காது.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் இன்றே பேசி வையுங்கள். மயிலாப்பூரில் இருப்பவர்களுக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, அதாவது நம்ம கோஷா ஆஸ்பத்திரி, பக்கம். எழும்பூரில் 1844-ல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகள் மருத்துவமனையும் எழும்பூரிலேயே. தி.நகரில் இருப்பவர்கள், பனகல் பார்க் நெரிசலில் மாட்டாத வழியை ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

டாக்டரிடம் போகும்போது கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். இது அளவில் உள்ள சந்தேகமா, உறுதியான பிரச்சினையா? அடுத்த ஸ்கேன் எப்போது? எது நடந்தால் அதற்கு முன்பே வரணும்? கூட வருபவர் பதில்களைக் குறித்துக்கொள்ளட்டும்; பயத்தில் இருக்கும்போது பாதி காதில் விழாது.