பூட்டிய கேட்டும் உத்தேச பில்லும்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வார இறுதி வீடுகள் ஏராளம். சனி, ஞாயிறு திறந்திருக்கும், திங்கட்கிழமை பூட்டு. ரீடிங் எடுப்பவரோ வேலை நாளில்தான் வருவார். மீட்டர் காம்பவுண்டுக்குள் இருந்தால், கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ‘டோர் லாக்’ என்று பதிவாகும். பில் உத்தேசமாக வரும்.

அடுத்த ரீடிங்கில் சரியாகிவிடும் என்பார்கள். யூனிட் சரியாகிவிடும், பணம் சரியாகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பர் 10-இல் அமலான கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது). இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழித்தால், முதல் 100 இலவசம் போக 675 ரூபாய். நான்கு மாதத்துக்கு 1,350. அதே 600 யூனிட்டை ஒரே பில்லாகப் போட்டால் 2,750 ரூபாய்! 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், இலவசத்துக்கு அடுத்த 100 யூனிட்டின் விலையும் 2.25-இலிருந்து 4.50 ஆகிவிடுகிறது. ஆகவே ரீடிங் விட்டுப்போன மாதங்களைப் பிரித்துக் கணக்கிட்டார்களா என்பதே முதல் கேள்வி.

2020-இல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்டது. ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னது மின்வாரியம். பிறகு ரீடிங் எடுத்தபோது, கோடை முழுக்க எல்லோரும் வீட்டிலேயே இருந்த செலவு மொத்தமாக வந்து நின்றது. நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, கட்டிய பணத்தைக் கழித்துக்கொண்டோம் என்றது வாரியம். பணத்தை அல்ல, யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்றார்கள் எதிர்த்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் 21-ஆம் தேதி தி.மு.க.வினர் வீட்டு வாசல்களில் கறுப்புக் கொடி பிடித்தார்கள்.

மறு ஆண்டு மே மாதம் அந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தது. கூடவே இன்னொரு ஊரடங்கும். இந்த முறை, மீட்டரைப் படம் பிடித்து உதவிப் பொறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றார்கள். ஊரடங்கு இல்லாத நாளிலும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

செய்வது எளிது. டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறி மாறி ஓடும், பக்கத்தில் கே.டபிள்யூ.ஹெச். என்றிருப்பதே யூனிட். கடலோரத்து உப்புக்காற்றில் கண்ணாடி மங்கியிருக்கும், துடைத்துவிட்டுப் படம் எடுக்கலாம். இ.பி. கார்டில் உள்ள பழைய எண்ணைக் கழித்தால் கணக்கு கையில்.

ரீடிங் நாள் தள்ளிப்போகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளுக்கு 480 யூனிட்; மேலே சொன்ன கட்டணப்படி 1,605 ரூபாய். ஆறு நாள் கழித்து வந்தால் 528 யூனிட், 2,174 ரூபாய். தேதியோடு ஒரு படம் இருந்தால் பேச இடமுண்டு.

பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். இரண்டுக்கும் 2003 மின்சாரச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாரியம் விட்டுவிட்ட பழைய பாக்கியைத் திடீரென்று கேட்டால், அந்தச் சட்டத்தின் 56(2) பிரிவைப் பார்க்கலாம். தவறாகக் கணக்கிட்ட தொகையை இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கேட்கலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.