மூட்டு வலியும் கைத்தொலைபேசிப் பயிற்சியும்

தசை, மூட்டு நோய்களினால் உலகில் சுமார் 171 கோடிப் பேர் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பாகும். கொழுந்துக் கூடையுடன் சரிவுகளில் ஏறியிறங்கும் தெல்தோட்டை, கலஹா தோட்டப் பெண்களுக்கும், அக்குறணை, கட்டுகஸ்தோட்டைக் கடைகளில் நாள் முழுதும் நிற்போருக்கும் முழங்கால் வலி புதியதன்று.

வலிக்கு ஓய்வே மருந்து என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் மூட்டுத் தேய்வுக்கு உடற்பயிற்சியே முதன்மைச் சிகிச்சை என்பதைப் பிரித்தானியாவின் 'நைஸ்' நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டலும் வலியுறுத்துகின்றது. தொடைத் தசை வலுப்பெற்றால் முழங்காலும் உறுதி பெறும்.

கண்டி தேசிய வைத்தியசாலையில் இயன்மருத்துவச் சிகிச்சை உண்டு. எனினும் பயிற்சி மாதக்கணக்கில் தொடர வேண்டியது. ஒவ்வொரு முறையும் நாட்சம்பளத்தை இழந்து, பஸ் ஏறி நகருக்கு வருதல் எத்தனை பேருக்கு இயலும்?

அவுஸ்திரேலியாவில் முழங்கால் நோயாளர் 206 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2021 இல் வெளியானது. இணையவழிப் பயிற்சியையும் குறுஞ்செய்தி நினைவூட்டலையும் பெற்றோர், தகவல்களை மட்டும் பெற்றோரை விட 24 வாரங்களில் கூடிய நிவாரணம் கண்டனர்.

இங்கும் இது சாத்தியமே. இயன்மருத்துவப் பட்டக்கல்வி வழங்கும் பேராதனைப் பல்கலைக்கழகமும் சுகாதார அமைச்சும் இணைந்து எளிய தமிழில் பயிற்சி ஒளிப்பதிவுகளைத் தயாரிக்கலாம். வீட்டினுள்ளேயே செய்யத்தக்கவை என்பதால் பெண்களுக்கு இவை பெரிதும் உதவும்.

ஆயினும் தொலைபேசி வைத்தியருக்கு ஈடாகாது. முதற் பரிசோதனை நேரிலேயே நடைபெற வேண்டும். காய்ச்சலுடன் மூட்டு வீங்கினாலோ, கால் மரத்துச் சிறுநீர்க் கட்டுப்பாடு தளர்ந்தாலோ தாமதமின்றி வைத்தியசாலையை நாட வேண்டும்.

சிகிச்சை நோயாளரின் மொழியிலும் அவரது வாசலிலும் கிடைக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.