டார்ச் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ்: தொற்று எப்போது வந்தது?

கர்ப்பகாலத் தொற்றுகளைத் தேடும் டார்ச் ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டை அனுப்பும் வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: டாக்ஸோ ஐஜிஎம் பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறதே, கரு நிலைக்குமா? விடை தேட அவகாசம் குறைவு. கர்ப்பம் 16 வாரம் தாண்டினால், பதில் சொல்லக்கூடிய சோதனையே பலமிழந்துவிடும்.

'டாக்ஸோ' என்பது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது கர்ப்பத்துக்கு வெகுமுன்பே தொற்றியிருந்தால் குழந்தைக்குப் பரவுவது மிக அரிது. கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் கவலை. ஆகவே தொற்றிய தேதி தெரிய வேண்டும். ஐஜிஎம் என்ற எதிர்ப்பான் அதைச் சொல்லாது. 'சமீபத்திய தொற்றின் அடையாளம்' என்று லேப்காரர்கள் அச்சடித்துக் கொடுக்கலாம். ஆனால் ஐஜிஎம் ஓராண்டுக்கு மேலும் ரத்தத்தில் தங்கும். தொற்றே இல்லாதவருக்கும் சில சமயம் பாசிட்டிவ் காட்டும். இதை மட்டும் நம்பக் கூடாது என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 1997-லேயே மருத்துவர்களை எச்சரித்துவிட்டது.

தேதியைக் கணிக்க உதவும் அவிடிட்டி சோதனை சாமர்த்தியமானது. தொற்றிய புதிதில் உருவாகும் ஐஜிஜி எதிர்ப்பான்கள் கிருமியின் புரதத்தை லேசாகத்தான் பற்றும். மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். ஒரே ரத்த மாதிரியை, அந்தப் புரதம் பூசிய சோதனைத் தட்டின் இரண்டு குழிகளில் விட்டு, ஒன்றை மட்டும் யூரியா கரைசலால் அலசுவார்கள். பிடி தளர்ந்தவை கழன்றுவிடும், இறுகியவை நிற்கும். இரண்டு குழிகளின் நிறத்தையும் ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். பிடி வலுவாக இருந்தால் தொற்றி ஏறக்குறைய நான்கு மாதமாவது ஆகியிருக்கும். 12-வது வாரத்தில் அப்படி வந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தியது. 24-வது வாரத்தில் வந்தால்? 8-வது வாரத்துக்கு முன் என்றுதான் சொல்லலாம். அதற்குள் கரு உருவாகியிருக்குமே!

பிடி தளர்வு என்று வந்தால் இன்னும் வம்பு. சிலருக்கு அது இறுக ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதைப் 'புதுத் தொற்று' என்று எழுதித் தருவது தப்பு.

கர்ப்பத்தில் தொற்றியது உறுதியானால்? பிரான்சின் லியோனில் 603 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 1999-ல் வெளியான ஆய்வின்படி, 13-வது வாரத்தில் தொற்றினால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 6 சதவீதம். 36-வது வாரத்தில் 72. ஆனால் சீக்கிரம் தொற்றிய சிசுவுக்கே பாதிப்பு கடுமை.

மருந்து? ஸ்பைராமைசின். சிசுவுக்குத் தொற்றியதா என்பது 18 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரில் செய்யும் பிசிஆரில் தெரியும்.

இந்தக் கிருமி பூனை மலம், வேகாத கறி வழியாகப் பரவும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டாம். அதன் மலத்தை வேறொருவர் தினமும் அள்ளட்டும். கறியை நன்றாக வேகவையுங்கள்.

அடுத்தடுத்துக் கருச்சிதைவா? அதற்கு டார்ச் எடுப்பதைக் கைவிடுங்கள் என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2011-லேயே சொல்லிவிட்டது.

பிறந்த குழந்தைக்கு ஐஜிஜி பாசிட்டிவா? தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். 12 மாதத்துக்குள் மறைகிறதா என்று பார்க்க வேண்டும், கண் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.